நாற்பத்தோரு நாள் அழுக்கு

போன வாரம் எங்க வீட்டு ஹால்ல ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியைத் திருப்பிட்டு நின்னோம் பாருங்க, அங்கதான் விட்டேன். அக்கா வேலை பாக்கற மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல ஒரு ரூம் காலியாகுது. வந்து இருந்துக்கம்மான்னு முதலாளி சொல்றாரு. "போயிடட்டுமா?"ன்னு எங்களைக் கேட்டா. என் வீட்டுக்காரர் "உங்க இஷ்டம்க்கா"ன்னு சொல்லிட்டு டிவி ரிமோட்டைத் துடைக்க ஆரம்பிச்சாரு. நான் கத்தினேன். கடைசியில அக்காதான், "சனிக்கிழமை மீன் வரட்டும். திங்கக்கிழமை பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்"னு முடிச்சா.

மீன் வந்துட்டா எப்படிப் போவா? மூணடித் தொட்டியை முதுகுல கட்டிட்டா போவா? அந்த தைரியத்துலதான் இந்த ஒரு வாரம் நான் தூங்கினேன்.

புதுசா படிக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. எங்க அக்கா இருபத்திரண்டு வருஷம் ஒருத்தர்கூடக் குடும்பம் நடத்திட்டு, போதும்னு ஒரே ஒரு பெட்டியோட மூணு மாசம் முன்னாடி எங்க வீட்டுக்கு வந்தவ. அந்த இருபத்திரண்டு வருஷமும் அவ போன்ல அழுதப்பல்லாம், "கொஞ்சம் பொறுத்துக்கோக்கா"ன்னு சொன்னவ நான். இந்தத் தடவை அவளைப் போக விடறதா இல்லை.

நானும் ஒண்ணும் சாது கிடையாது. பஸ் ஸ்டாண்டுல மைக்குல அறிவிப்பு சொல்றவ. எட்டு மணி நேரம் 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு'ன்னு தேனா ஒழுகிட்டு வீட்டுக்கு வந்தா, மிச்சமிருக்கற குரலெல்லாம் கத்தறதுக்குத்தான்.

இன்னைக்கு சனிக்கிழமை. நடந்ததை நடந்தபடி சொல்றேன். என்னை ரொம்ப நல்லவன்னு நெனைச்சிட்டிருக்கறவங்க கொஞ்சம் மனசைத் தேத்திக்குங்க.

காலைல அஞ்சு மணி. என் வீட்டுக்காரருக்குக் காலை ஷிஃப்ட். பெரிய ஆஸ்பத்திரியில ஆபரேஷன் கருவிகளைக் கிருமி இல்லாம பண்ற பிரிவுல பதினெட்டு வருஷமா இருக்காரு. கத்தரி, இடுக்கி, துணின்னு எது வந்தாலும் கழுவி, காகிதப் பையில போட்டு ஒட்டி, நீராவி மெஷின்ல வச்சு எடுக்கணும். அந்த மெஷின் ஓடற சூடு நூத்தி இருபத்தொரு டிகிரி. ஆஸ்பத்திரியில இவருக்குப் பேரே 'நூத்தி இருபத்தொண்ணு'தான். வீட்லயும் அதே சூடுதான். நாம கழுவின டம்ளரைத் திரும்பக் கழுவுவாரு. கதவுக் கைப்பிடியைத் துடைப்பாரு. விருந்தாளி எழுந்து போன நாற்காலியை, அவங்க வாசல் தாண்டறதுக்குள்ள துடைச்சு முடிச்சிருப்பாரு.

பெட்ரூம் வாசல்ல நின்னு மெதுவா, "அந்தத் தொட்டி ஃபில்டர் ஸ்பாஞ்சை எடுத்துட்டுப் போறேன். கண்றாவியா இருக்கு. சுத்தம் பண்ணி மத்தியானத்துக்குள்ள கொண்டாந்துடறேன். அக்காவுக்கு ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டும், சரியா?"ன்னாரு. கையில இருந்த பிளாஸ்டிக் பையிலேர்ந்து தண்ணி சொட்டிச்சு.

நான் முழிச்சிட்டுதான் இருந்தேன். எந்த ஸ்பாஞ்சுன்னு தெரியும். அதைத் தொடவே கூடாதுன்னும் தெரியும். ஆனா தொடாதீங்கன்னா ஏன்னு கேப்பாரு. காரணம் சொன்னா எதிர்க் காரணம் சொல்வாரு. அஞ்சு மணிக்கு அந்த ரோதனைக்கு எனக்குத் தெம்பு இல்லை.

"ம்"னேன். திரும்பிப் படுத்துட்டேன்.

ஏன் தொடக் கூடாதுன்னு உங்களுக்கும் சொல்லிடறேன். தொட்டின்னா தண்ணி ஊத்தி மீனை விட்டுட்டா ஆச்சுன்னுதான் நானும் நெனைச்சேன். அது இல்லை. மீன் போடற கழிவுல அமோனியான்னு ஒரு விஷம் சேரும். அதைத் தின்னு தீர்க்கறதுக்குக் கண்ணுக்குத் தெரியாத கிருமி ஒண்ணு இருக்கு. அதைக் கடையில போய்க் கிலோ கணக்குல வாங்க முடியாது. தானா வந்து ஃபில்டருக்குள்ள இருக்கற ஸ்பாஞ்சுல குடியேறணும். அதுக்கு ஒரு மாசத்துக்கு மேல ஆகும். அதுவரைக்கும் மீனே இல்லாத தொட்டிக்கு தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டுட்டு உக்காந்திருக்கணும். எதிர் வீட்டுக்காரி வந்து பாத்துட்டு, "உங்க அக்கா யாருக்குங்க சோறு போடறாங்க?"ன்னு கேட்டுட்டுப் போனா.

அக்கா அசரவே இல்லை. தினம் சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்ததும் சின்னக் குழாய்ல தொட்டித் தண்ணியைப் பிடிப்பா. மருந்து சொட்டு விடுவா. எந்தக் கலர் வருதுன்னு அட்டையோட ஒட்டி வச்சுப் பாப்பா. நோட்டுல எழுதுவா. பச்சை வந்தா விஷம் இருக்கு, மஞ்சளா நின்னா இல்லை. நாப்பத்தோரு நாள் எழுதியிருக்கா. அந்த ஸ்பாஞ்சு வெள்ளையா இருந்து, மங்கி, காப்பிப் பொடி கலருக்கு வந்ததுக்குள்ள எங்க வீட்டு ஹால்ல அந்த மூலைக்கு 'பெரியம்மா மூலை'ன்னு பேரே ஆயிடுச்சு. பேர் வச்சது என் பத்து வயசுப் பொண்ணு, வாலு.

முதல் நாள் அக்கா இவர்கிட்டயும் சொன்னா, நல்ல கிருமி வரணும் தம்பின்னு. "எங்க பிரிவுல அப்படி ஒண்ணு கிடையாதேக்கா"ன்னு இவர் சொல்ல, எல்லாரும் சிரிச்சிட்டோம். அதுக்கப்புறம் அக்கா அவர்கிட்ட விளக்கிட்டிருக்கல. என்கிட்டதான், "ஸ்பாஞ்சுல கை வைக்கக் கூடாதுன்னு அவர்கிட்ட நீ சொல்லி வைடி"ன்னா. சொல்றேன்னேன். சொல்லல.

பத்து மணிக்கு நானும் அக்காவும் மீன் கடைக்குப் போனோம். நீளமான இருட்டுக் கடை. தரையெல்லாம் ஈரம். ரெண்டு பக்கமும் தொட்டிக்குள்ள லைட் எரியுது. மோட்டார் சத்தத்துல பேசறது பாதி காதுல விழாது. கடைக்காரர் அக்காகிட்ட கண்ணாடி மாத்த வந்து பழக்கமானவர். சரியான சிடுமூஞ்சி. தொட்டி தயாரா இல்லைன்னா காசை நீட்டினாலும் மீன் தர மாட்டாரு.

அக்கா தீட்டிக் குடுத்த கண்ணாடியை மாட்டிட்டு, அக்கா எழுதின நோட்டை ஒவ்வொரு பக்கமா புரட்டினாரு.

"நீங்களே எழுதினதா?"

"ஆமாங்க."

"ஒரு நாள்கூட விடல?"

"காய்ச்சல் வந்த அன்னைக்கு என் தங்கச்சி பொண்ணு பாத்துச்சு. எழுத்து கோணலா இருக்கும் பாருங்க."

அவர் நோட்டை மூடிட்டு, "எல்லாரும் என்கிட்ட பொய்யைத்தான் கொண்டாருவாங்க. நோட்டு கொண்டாந்தது நீங்கதான். மீன் எடுத்துக்கங்க"ன்னாரு.

அப்ப அக்கா மூஞ்சியைப் பாக்கணுமே. நாப்பத்தேழு வயசுப் பொம்பளை, பரீட்சையில பாஸான பிள்ளை மாதிரி நின்னா. இப்பவே சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. வெளியே வந்து இவருக்குப் போன் பண்ணேன். அடிச்சு அடிச்சு நின்னுச்சு. மெஷின் இருக்கற இடத்துக்குள்ள போன் கொண்டு போகக் கூடாது. சும்மா குழாய்த் தண்ணியில அலசிட்டு விட்டிருப்பாரு, பாதியாவது மிஞ்சியிருக்கும்னு எனக்கு நானே சொல்லிட்டு உள்ள போனேன். அக்கா சந்தோஷத்தை நடுக்கடையில வச்சு உடைக்க எனக்கு மனசு வரல. மனசு வரலன்னு சொல்றேன், தைரியம் வரலன்னு நீங்க படிச்சுக்குங்க.

வால்ல சிவப்புப் பொட்டு வச்ச பன்னிரண்டு மீன். ஒண்ணு ஒண்ணும் அரை விரல் நீளம். பெரிய பையில தண்ணியோட விட்டு, காத்தடைச்சு, ரப்பர் பேண்ட் போட்டுக் குடுத்தாரு.

"சாயங்காலம் வரைக்கும் பையில தாங்கும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. கடையை விட்டுப் போன மீனை நான் திரும்ப வாங்க மாட்டேன். ஒரு மீன் சீக்கோட வந்தா என் கடையே காலி."

"திரும்பக் கொண்டார மாட்டோம்"னு அக்கா சிரிச்சா.

பன்னிரண்டரைக்கு வீட்டுக்குள்ள நுழையறோம். இவர் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுட்டு எங்களுக்கு முன்னாடியே வந்து நிக்கறாரு. தொட்டிக்கு முன்னாடி, கையை முதுகுக்குப் பின்னாடி கட்டிட்டு. தொட்டிக் கண்ணாடி பளபளன்னு இருந்துச்சு.

"அக்கா, பாருங்க"ன்னு ஃபில்டர் மூடியைத் திறந்து காட்டினாரு. ஸ்பாஞ்சு வெள்ளை வெளேர்னு இருந்துச்சு.

அப்புறம் முதுகுக்குப் பின்னாலேர்ந்து, ஸ்பாஞ்சு வச்சிருந்த காலிக் காகிதப் பையை எடுத்து நீட்டினாரு. ஆபரேஷன் கத்தரி வர்ற பை. மேல தேதி, இவர் கையெழுத்து. ஓரத்துல ஒட்டியிருந்த பட்டையில கோடெல்லாம் கருப்பா மாறியிருந்துச்சு. முழுச் சூடும் பட்டாத்தான் அது மாறும். நோயாளி பேர் எழுதற இடத்துல, 'அக்காவின் மீன்கள்'னு எழுதியிருந்தாரு.

"காலைல கருவி எதுவும் வைக்காம மெஷினை ஒரு தடவை சும்மா ஓட்டிப் பாப்போம். அதுலதான் வச்சேன். வெளி சாமான் எதையும் நான் அங்க வச்சதே இல்லைக்கா. வாலுவோட பால் பாட்டிலைக்கூட கொண்டு போனதில்லை. தொட்டிக்கு அடியில கிடக்கற கூழாங்கல்லையும் எடுத்துட்டுப் போகணும்னு பாத்தேன், நேரமில்லை."

அக்கா மீன் பையை மடியில வச்சுட்டு அப்படியே தரையில உக்காந்துட்டா.

"ஏன்க்கா, பிடிக்கலயா?"

வாலுதான் ஓடி வந்து எட்டிப் பாத்தா. "அப்பா, பாக்டீரியா எல்லாத்தையும் கொன்னுட்டீங்களா?"

"கொன்னுட்டேன்டா செல்லம். ஒண்ணு கிடையாது இப்ப."

"ஐயோ அப்பா, அதுதான் விஷத்தைத் தின்னும். அது இல்லைன்னா மீனெல்லாம் செத்துடும். அதுக்குத்தான பெரியம்மா நாப்பத்தோரு நாள் வெயிட் பண்ணாங்க."

இவர் ஸ்பாஞ்சைப் பாத்தாரு, பையைப் பாத்தாரு, அப்புறம் என்னைப் பாத்தாரு.

அவர் வாயைத் திறக்கறதுக்குள்ள நான் ஆரம்பிச்சேன்.

"அறிவு வேணாங்க ஒரு மனுஷனுக்கு? உங்களை யாருங்க கேட்டா? வீட்ல ஒரு சாமான் அது பாட்டுக்கு இருக்கக் கூடாதா? பொழுதன்னைக்கும் துடைக்கறது, கழுவறது, கொதிக்க வைக்கறது. விட்டா எங்களையும் பையில போட்டு ஒட்டி மெஷின்ல வச்சுடுவீங்க. நாப்பத்தோரு நாள் உழைப்பை ஒரே காலைல ஆவியாக்கிட்டு வந்து பெருமையா நிக்கறீங்களே, வெக்கமா இல்லை?"

இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுதற மாதிரி இல்லை. பஸ் ஸ்டாண்டுல மைக் இல்லாமலே கடைசி பஸ் வரைக்கும் கேக்கற குரல் எனக்கு. ஏன் அவ்வளவு கத்தினேன்னு எனக்குத் தெரியும். என் காதுலயே என் "ம்" கேக்கக் கூடாதுன்னு கத்தினேன்.

அக்கா தலையைத் தூக்கி என்னைப் பாத்தா. "நீ இவர்கிட்ட சொல்லவே இல்லையா?"

"சொன்னேனேக்கா. எத்தனையோ தடவை சொன்னேன். காதுல வாங்கினாத்தான." அள்ளி விட்டேன்.

"எடுத்துட்டுப் போனப்ப நீ பாக்கலயா?"

"நான் தூங்கிட்டு இருந்தேன்."

இவர் என்னை ஒரு நிமிஷம் பாத்தாரு.

"ஆமாக்கா, இவ தூங்கிட்டுதான் இருந்தா. இவமேல தப்பில்லை. நான்தான் சொல்லாம எடுத்துட்டுப் போனேன்"ன்னாரு.

அக்கா எழுந்தா. அவ கோபப்பட்டு நான் பாத்ததே இல்லை. குரல் ஏறல, இறங்கல.

"தம்பி, மூணு மாசமா நான் கழுவின டம்ளரை நீங்க திரும்பக் கழுவறீங்க. நான் மடிச்ச துணியைப் பிரிச்சு மடிக்கறீங்க. வந்த இடத்துல வாயை மூடிட்டு இருக்கணும்னு இருந்தேன். அந்த வீட்லயும் இதே கதைதான். கல்யாணத்துக்கு முன்னாடி நான் கண்ணாடி தீட்டற வேலை கத்துக்கிட்டவ. கல்லு, இடுக்கி, அளவு பாக்கற சாமான் எல்லாம் ஒரு தகரப் பெட்டியில வச்சிருந்தேன். ஒரு நாள் நான் கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள அவர் அதைத் தூக்கி யாருக்கோ குடுத்துட்டாரு. உனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம், உன் நல்லதுக்குத்தான்னாரு. சிரிச்சிட்டேதான் சொன்னாரு. இப்ப நீங்களும் சிரிச்சிட்டேதான் பையை நீட்டறீங்க."

"அக்கா, நான் அந்த மாதிரி..."

"நீங்க நல்லவர். எனக்குத் தெரியும். ஆனா என்னோடதைத் தொடறதுக்கு முன்னாடி என்னைக் கேக்கணும். அவ்வளவுதான் நான் இந்த உலகத்துல எல்லார்கிட்டயும் கேக்கறது."

மீன் பையைத் தொட்டியில மிதக்க விட்டுட்டு ரூமுக்குப் போய் கட்டிலுக்கு அடியிலேர்ந்து பெட்டியை இழுத்தா. அந்த சத்தம் கேட்டதும் நான் ரூம் வாசலுக்கு ஓடினேன்.

"பன்னிரண்டு உசிருக்கு ஒரு வழி பண்ணிட்டுத்தான் கிளம்புவேன். பயப்படாத"ன்னு உள்ளேர்ந்தே சொன்னா.

அவளேதான் மீன் கடைக்காரருக்குப் போன் பண்ணா. அவர் அந்தப் பக்கம் திட்டினது எங்க மூணு பேருக்கும் கேட்டுச்சு. ஆஸ்பத்திரி மெஷின்லயான்னு ரெண்டு தடவை கேட்டாரு. கடைசியில, கடைத் தொட்டியில ரெண்டு வருஷமா ஓடற ஸ்பாஞ்சு ஒண்ணு இருக்கு, பாதி வெட்டித் தரேன், அதே தண்ணியோட எடுத்துட்டுப் போய் உங்க ஃபில்டர்ல போடுங்க, ஒரு சொட்டு குழாய்த் தண்ணி படக் கூடாதுன்னாரு.

அக்கா போனை வச்சுட்டு இவரைப் பாத்தா. "நீங்களே போய்ட்டு வாங்க தம்பி. கையுறை போடாம."

ஸ்கூட்டரை நான் ஓட்டினேன். இவர் பின்னாடி. ரெண்டு சிக்னல் தாண்டினோம்.

"எனக்காக எதுக்குப் பொய் சொன்னீங்க?"ன்னு நானே ஆரம்பிச்சேன்.

"என்மேல கோபம்னா திங்கக்கிழமை வரைக்குமாவது இருப்பாங்க. நீயும் சேந்துதான்னு தெரிஞ்சா இன்னைக்கே போயிடுவாங்க."

"அப்ப என் மூஞ்சியை எதுக்கு அப்படிப் பாத்தீங்க?"

"பாக்காம? சரியான்னு உன்னைக் கேட்டேன். நீ 'ம்'னு சொன்ன. கல்யாணமாகிப் பதினாலு வருஷமா நான் எதைக் கேட்டாலும் ம்ங்கற. துணியைத் திரும்ப மடிக்கட்டுமான்னா ம். டம்ளரைக் கழுவட்டுமான்னா ம். அப்புறம் ஒரு நாள் எல்லாத்தையும் சேத்து வச்சு ஊருக்கே கேக்கற மாதிரி கத்தற. எது பிடிக்குது, எது பிடிக்கலன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன மந்திரவாதியா?"

இவர் இவ்வளவு நீளமா கோபப்பட்டு நான் கேட்டதில்லை. கண்ணாடியில பாத்தா முகம் சிவந்து கிடக்கு. ஆத்திரத்துல ஆக்ஸிலரேட்டரை முறுக்கினேன்.

கடைக்காரர் இவரை ஏற இறங்கப் பாத்தாரு. "நீங்கதானா அது?"

"நான்தாங்க."

"கையை நீட்டுங்க."

தொட்டிக்குள்ள முழங்கை வரைக்கும் விட்டு, கருப்பும் பழுப்புமா, கொழகொழன்னு ஒரு ஸ்பாஞ்சை இழுத்து எடுத்தாரு. கத்திரிக்கோலால பாதியா வெட்டி, இவர் வெறும் கையில வச்சாரு. குளத்து அடிச் சேறு நாத்தம். இவர் கண்ணை மூடிட்டாரு. ஆனா கையை எடுக்கல. அதுக்கப்புறம்தான் கடைக்காரர் தொட்டித் தண்ணி ஊத்தின பையை நீட்டினாரு. வேணும்னேதான் அப்படிப் பண்ணாருன்னு நெனைக்கறேன். அந்த மனுஷனை எனக்குப் பிடிச்சுப் போச்சு.

வீட்டுக்கு வர்ற வரைக்கும் பையை மடியில வச்சு ரெண்டு கையாலயும் பிடிச்சிட்டு வந்தாரு. மேடு பள்ளம் வந்தா, "மெதுவா போ, மெதுவா போ"ன்னாரு.

அக்கா சொல்லச் சொல்ல இவரே செஞ்சாரு. கடை ஸ்பாஞ்சை ஃபில்டர்ல வச்சாரு. வைக்கறதுக்கு முன்னாடி, பளீர்னு இருந்த எங்க ஸ்பாஞ்சு மேல அதை நல்லாப் பிழியச் சொன்னா. பழுப்புத் தண்ணி வழிஞ்சு தொட்டியே கலங்கிப் போச்சு. காலைல இவர் துடைச்ச கண்ணாடியில தூசி தூசியா படிஞ்சுது. இவர் கை தன்னால பக்கத்துல இருந்த துணிகிட்ட போச்சு.

"தம்பி."

"கேக்கறேன்க்கா. துடைக்கட்டுமா?"

"வேண்டாம்."

"சரிக்கா."

கையை ஈரத்தோட தொங்கப் போட்டுட்டு நின்னாரு. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. ரெண்டையும் அடக்கிட்டேன்.

நாலு மணிக்கு, பையில கொஞ்சம் கொஞ்சமா தொட்டித் தண்ணியைக் கலந்து, வலையில எடுத்து ஒவ்வொண்ணா விட்டா அக்கா. வாலு எண்ணினா. பன்னிரண்டும் போய் ஒரே மூலையில ஒண்டிக்கிட்டு நின்னுச்சு. அரை மணி கழிச்சு ஒண்ணு வெளியே வந்து சுத்திப் பாத்துச்சு. அதைப் பாத்துட்டு மத்ததும் வந்துச்சு. இவர் கை காஞ்சு, விரலிடுக்குல பழுப்பு ஒட்டியிருந்துச்சு. கழுவப் போகாம வாலு பக்கத்துல உக்காந்து பாத்துட்டிருந்தாரு. பதினாலு வருஷத்துல நான் பாக்காத காட்சி.

ஆறு மணிக்கு அக்கா குழாயை எடுத்தா. வாலு எதிர் வீட்டுக்குப் பெருமையடிக்கப் போயிட்டா, இவர் கடைசியில பொறுக்க முடியாம குளிக்கப் போயிட்டாரு. நானும் அக்காவும் மட்டும்தான். சொட்டு விட்டா, ஆட்டினா, அட்டையோட வச்சுப் பாத்தா. மஞ்சளாவே நின்னுச்சு.

"ரெண்டு வாரத்துக்கு தினம் பாக்கணும். தீனியைக் கிள்ளித்தான் போடணும். பாத்துக்கலாம்"னா.

"பாத்துக்கலாம்னா? நீ பாத்துக்குவியா?"

அக்கா தொட்டியைப் பாத்துட்டே பேசினா. "பெட்டியை உள்ள தள்ளிட்டேன்டி. திங்கக்கிழமை முதலாளிகிட்ட ரூம் வேண்டாம்னு சொல்லிடறேன். தம்பி மேல கோபம் இருக்கு. இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவர் கேக்கக் கத்துக்குவாரு. இன்னைக்கே ஒரு தடவை கேட்டாரு. அப்புறம் நீ இருக்கியே. உனக்கு மட்டும் காலைல தெரிஞ்சிருந்தா அவர் கையைப் பிடிச்சு நிறுத்தியிருப்ப. அப்படி ஒரு ஆளு அந்த வீட்ல எனக்கு இருந்ததில்லை. அதனாலதான் இங்க இருக்கேன்."

நான் மூணு மாசமா கேக்க ஏங்கின வார்த்தை. வாயை மூடிட்டு நின்னிருந்தா போதும், எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருக்கும். இவர் காட்டிக் குடுக்க மாட்டாரு. வேற யாருக்கும் தெரியாது. ஆனா அவ அதைச் சொன்ன விதம் என்னால தாங்க முடியல. ஒரு பொய் மேல அவளை உக்கார வச்சு, இதுதான்டி உன் வீடுன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு. என்மேலயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்துச்சு.

"அக்கா, நான் தூங்கல."

"என்ன?"

"காலைல. நான் முழிச்சிட்டுதான் இருந்தேன். ஸ்பாஞ்சை எடுத்துட்டுப் போறேன்னு சொல்லிட்டுதான் போனாரு. தொடக் கூடாதுன்னு நான் அவர்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லை. அவர்மேல மொத்தப் பழியையும் போட்டுட்டேன். எனக்காகத்தான் அவரும் பொய் சொன்னாரு."

அக்கா குழாயை மெதுவா ஸ்டாண்டுல வச்சா.

"சரியான்னு உன்னைக் கேட்டாரா?"

"கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"ம்னு சொன்னேன்."

அவ நோட்டை எடுத்து, இன்னைக்குத் தேதி போட்டு, பக்கத்துல 'மஞ்சள்'னு எழுதினா. எழுத்து கொஞ்சம்கூட நடுங்கல. நோட்டை மூடினா.

"அந்த வீட்ல அவர் என் தகரப் பெட்டியைக் கையில வச்சுட்டு, குடுத்துடட்டுமான்னு கேட்டாராம். மாமியார், கொழுந்தன், கொழுந்தன் பொண்டாட்டி எல்லாரும் ஹால்லதான் இருந்தாங்க. யாரும் குடுன்னு சொல்லல, குடுக்காதன்னும் சொல்லல. எல்லாரும் இதே 'ம்'மைத்தான்டி சொன்னாங்க."

என்னைத் தாண்டி ரூமுக்குப் போனா. கதவைச் சாத்தினா. வந்ததுலேர்ந்து ஒரு நாள்கூடப் போடாத தாழ்ப்பாளைப் போட்டா.

நான் கதவுகிட்ட போய் நின்னேன். "அக்கா"ன்னு கூப்பிட்டேன். கொஞ்ச நேரத்துல உள்ள அவ யார்கிட்டயோ போன்ல பேசற சத்தம் கேட்டுச்சு. "சார், அந்த ரூம் விஷயமா"ன்னு ஆரம்பிச்சா. மிச்சம் ஃபில்டர் சத்தத்துல சரியா காதுல விழல.